பாட்டு சின்னதாகுது, சீரீஸ் நீளுது: இது நம்ம ரசனையா, இல்ல வேற யாரோ போடற கணக்கா?

ரீல்சுத்தி:
ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கிற கேள்வி, இங்க போட்டா யாராவது உருப்படியா சொல்வீங்கன்னு போடறேன். இப்ப வர்ற பாட்டெல்லாம் ரெண்டரை நிமிஷத்துல முடிஞ்சிடுது, இன்ட்ரோ மியூசிக்னு ஒண்ணே கிடையாது, எடுத்த எடுப்புல காதுல ஒட்டிக்கிற ஹூக் லைன் வந்துடுது. ஆனா அதே சமயம் ஒன்றரை மணி நேரத்துல சொல்ல வேண்டிய கதைய எட்டு எபிசோடா இழுக்கறாங்க, யூடியூப்ல ஒரு வரி பதில் தெரிஞ்சிக்க பத்து நிமிஷம் சுத்தல்ல விடறாங்க. கேட்டா எல்லாரும் "மக்களுக்கு பொறுமை போச்சு, தங்கமீனுக்கு இருக்கிற கவனம் கூட இல்ல"ன்னு ஒரே பாட்டு. பொறுமை போச்சுன்னா ஒரே ராத்திரில முழு சீசனையும் எப்படி உக்காந்து பாக்கறோம்? மூணு மணி நேர பாட்காஸ்ட் எப்படி ஓடுது? லாஜிக் இடிக்குதே.

ரெண்டு கேள்வி. இந்த நீளம், வேகம், வடிவம் இதெல்லாம் யாரு முடிவு பண்றா, நாமளா அவங்களா? அப்புறம் இதெல்லாம் பாத்து நாம நெஜமாவே மாறறோமா இல்ல சும்மா பொழுதுபோக்கோட முடிஞ்சிடுதா? "மீடியா சமூகத்த கெடுக்குது" டைப் பதில் வேணாம் ப்ளீஸ், அது வீட்லயே ஃப்ரீயா கிடைக்குது.

வெட்டிப்பேச்சு:
எல்லாம் காசு தான் தல. திரெட்ட மூடிடலாம்.

ரீல்சுத்தி:
காசுன்னு தெரியும் ப்ரோ, அது எந்த வழியா வந்து பாட்டோட இன்ட்ரோவ வெட்டுதுன்னு தான் கேக்கறேன்.

டிரம்ஸ்காரன்:
மியூசிக் பக்கம் நான் சொல்றேன், ஏன்னா இதுல தான் கணக்கு ரொம்ப பச்சையா தெரியும். காசுன்னு பொதுவா சொன்னா ஒண்ணும் வெளங்காது, எத எண்ணி காசு குடுக்கறாங்கன்னு பாக்கணும்.

பாட்டுன்னா மூணு நிமிஷம்னு ஒரு கணக்கு நம்ம எல்லார் மனசுலயும் இருக்குல்ல, அது யாரும் உக்காந்து அழகுணர்ச்சியோட யோசிச்சு வெச்சது இல்ல. அந்தக்கால 78 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 78 சுத்து) இசைத்தட்டு, 10 இன்ச் சைஸ், ஒரு பக்கத்துல சுமாரா மூணு நிமிஷம் தான் புடிக்கும். மேடையில அரைமணி நேரம் வாசிச்சுட்டு இருந்தவங்க கூட ரெக்கார்டிங்னு வந்தா மூணு நிமிஷத்துல சாராம்சத்த புழிஞ்சு குடுத்தாகணும். அப்படியே கேட்டு கேட்டு நம்ம காது "இதான் பாட்டோட அளவு"ன்னு பழகிடுச்சு. 1948ல கொலம்பியா கம்பெனி எல்பிங்கற பெரிய தட்ட கொண்டு வந்தாங்க, ஒரு பக்கத்துக்கே 20 நிமிஷத்துக்கு மேல. அடுத்த வருஷமே ஆர்சிஏ விக்டர் போட்டிக்கு சின்ன 45 ஆர்பிஎம் தட்ட எறக்கினாங்க. இந்த ரெண்டு தட்டும் சேந்து இசையவே ரெண்டா பிரிச்சிடுச்சுன்னு சொல்லலாம். சின்ன தட்டு ரேடியோவுக்கும் காசு போட்டா பாட்டு போடற ஜூக்பாக்ஸுக்கும், அதனால சுருக்கமா நறுக்குனு ஒரு ஹிட். பெரிய தட்டு வீட்ல உக்காந்து கேக்கறவங்களுக்கு, அதனால முழு ஆல்பத்தையும் ஒரே கதையா யோசிக்கிற ஆளுங்க வந்தாங்க.

1982ல சிடி வந்துச்சு, 74 நிமிஷம். எடம் இருக்கேன்னு அதுல ரொப்பின குப்பைப் பாட்டு இருக்கே, அந்தக் காலத்துல சிடி வாங்கினவங்களுக்கு தெரியும். ரெண்டு பாட்டுக்காக பதினாலு பாட்டு காசு குடுத்து வாங்கணும். அந்த கடுப்பு தான் 1999ல இன்டர்நெட்ல பாட்ட இலவசமா பகிர்ந்துக்கிற நாப்ஸ்டர் வந்தப்ப வெடிச்சுதுன்னு நான் நெனைக்கறேன், திருட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு புடிச்ச ஒரே பாட்டு மட்டும் எடுத்துக்கலாம்ங்கறது தான் பெரிய கவர்ச்சி. 2003ல ஐட்யூன்ஸ் ஸ்டோர் அதையே சட்டப்படி வித்தாங்க, ஒரு பாட்டு 99 சென்ட். அன்னிலேர்ந்து ஆல்பம்ங்கற பொட்டலம் பிரிஞ்சு போச்சு.

இப்ப ஸ்ட்ரீமிங். ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்ட 30 செகண்ட் கேட்டா ஒரு தடவ கேட்டதா கணக்கு. மொத்த காச இந்த எண்ணிக்கைய வெச்சு தான் பிரிக்கறாங்க. இப்ப நீங்களே யோசிங்க, ஆறு நிமிஷ பாட்ட ஒரு தடவ கேட்டா ஒரு எண்ணிக்கை, ரெண்டு நிமிஷ பாட்ட அதே ஆறு நிமிஷத்துல மூணு தடவ கேட்டா மூணு எண்ணிக்கை. நீங்க இசையமைப்பாளரா இருந்தா என்ன பண்ணுவீங்க? முதல் 30 செகண்டுக்குள்ள ஆள் ஓடிடக் கூடாது, அதனால இன்ட்ரோவ தூக்கு, ஹூக்க முன்னாடி போடு, சீக்கிரம் முடி, திரும்ப கேக்க வை.

ஒண்ணு மட்டும் ஜாக்கிரதையா சொல்லணும். அமெரிக்காவுல 1986லேர்ந்து 2015 வரைக்கும் டாப் 10 பாட்டுகள எடுத்து அளந்த ஒரு ஆய்வு இருக்கு, இன்ட்ரோ 20 செகண்டுக்கு மேல இருந்தது 5 செகண்டுக்கு வந்துடுச்சுன்னு. அந்த எறக்கம் ஸ்ட்ரீமிங் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சது, அதனால எல்லா பழியையும் ஆப் மேல போட முடியாது. ரேடியோ ஸ்டேஷன மாத்தற பட்டன், சிடி ப்ளேயர்ல ஸ்கிப் பட்டன், எல்லாமே அந்த வேலைய கொஞ்சம் கொஞ்சமா பண்ணிட்டு தான் இருந்துது.

மாடிவீட்டு_மைனா:
சுவாரசியமா இருக்கு, ஆனா இவ்ளோ நேர்கோடா இல்லயே அண்ணா. பீட்டில்ஸோட 'ஹே ஜூட்' 1968ல சின்ன தட்டுல சிங்கிளா தான் வந்துச்சு, 7 நிமிஷத்துக்கு மேல. நம்பர் ஒன் ஆச்சு. தட்டு தான் எஜமான்னா அது எப்படி நடந்துச்சு?

டிரம்ஸ்காரன்:
நல்ல கேள்வி மைனா. தட்டுல ஊசி ஓடற பள்ளக் கோடுகள நெருக்கி வெட்டினா ஏழு நிமிஷம் புடிக்கும், சத்தம் கொஞ்சம் கம்மியாகும். ரேடியோக்காரன் போடுவானாங்கறது தான் அப்ப பெரிய சந்தேகம், பீட்டில்ஸுன்றதால போட்டான். அதே ஏழு நிமிஷத்த ஒரு புதுப்பையன் கொண்டு போயிருந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிருப்பாங்க. வேலிய தாண்டறவங்க எப்பவும் இருக்காங்க, ஆனா தாண்டறதுக்கு கால் நீளம் வேணும்.

இன்னொண்ணும் உங்க பக்கத்துக்கே சொல்லிடறேன், 2022ல அமெரிக்காவுல வினைல் தட்டு விக்கிற எண்ணிக்கை சிடிய தாண்டிடுச்சு, 1987க்கு அப்புறம் முதல் தடவையா. கையில இலவசமா கோடி பாட்டு இருக்கறப்ப ஜனங்க தட்டு வாங்கி ஊசி வெச்சு கேக்கறாங்க. இத எந்த கம்பெனியும் திட்டம் போட்டு பண்ணல.

ஜாய்ஸ்டிக்_ஜமுனா:
கேம்ஸ யாரும் பேசலயே!! இந்த "எத எண்றாங்க" கதைக்கு கேம்ஸ விட நல்ல உதாரணமே கிடையாதுங்க.

ஆர்கேட் மெஷின் காலத்துல ஒரு காசு போட்டா ஒரு ஆட்டம். 1980ல வந்த பேக்மேன் மாதிரி கேம் எல்லாம் ஏன் அவ்ளோ கஷ்டம்னு யோசிச்சிருக்கீங்களா, சில நிமிஷத்துல உங்கள சாகடிச்சா தான் அடுத்த காசு விழும். ஆனா ரொம்ப சீக்கிரம் சாகடிச்சாலும் கடுப்பாகி போய்டுவீங்க, அந்த நடுவாந்திர அளவு தான் டிசைனரோட தெறம. அப்புறம் வீட்டு கன்சோல் பரவுச்சு, கேம ஒரே தடவ காசு குடுத்து வாங்கறோம், உடனே கணக்கு தலைகீழாச்சு. இப்ப ஆட்டம் சீக்கிரம் முடிஞ்சா வாங்கினவனுக்கு கோவம் வரும், அதனால நீளணும், கதை வேணும், விட்ட எடத்துலேர்ந்து தொடரணும். 1987ல அமெரிக்காவுல வந்த ஸெல்டாங்கற கேமோட கார்ட்ரிட்ஜுக்குள்ள ஒரு பேட்டரியே வெச்சாங்க, ஆட்டத்த சேவ் பண்றதுக்கு. வாரக்கணக்குல ஒரே உலகத்துக்குள்ள சுத்தறதுங்கற அனுபவமே அதுக்கு அப்புறம் தான் சாதாரணமாச்சு.

இப்ப மொபைல் கேம், எறக்கறது இலவசம். அப்ப எத எண்றாங்க? நீங்க தினமும் திரும்பி வர்றீங்களாங்கறத. அதான் டெய்லி ரிவார்டு, "எனர்ஜி தீந்துடுச்சு நாலு மணி நேரம் கழிச்சு வாங்க", உள்ள என்ன இருக்குன்னு தெரியாம தொறக்கிற லூட் பாக்ஸ், எல்லாம். கேம் முடியவே கூடாது, முடிஞ்சா அவங்களுக்கு நஷ்டம். பெல்ஜியம் 2018ல காசு குடுத்து தொறக்கிற லூட் பாக்ஸ் சூதாட்டம் தான்னு சொல்லி தடுத்துட்டாங்க. ஒரு விளையாட்டு சாமான சூதாட்ட சட்டத்துல கொண்டு வர்ற அளவுக்கு வடிவம் மாறிடுச்சு, ஆனா வெளிலேர்ந்து பாக்க அதே கலர் கலர் பொம்மை தான்.

வெட்டிப்பேச்சு:
நாலு மணி நேரம் கழிச்சு வாங்கன்னா நான் அலாரம் வெச்சு போற ஆளு 😭 யாரும் திட்டாதீங்க

டைம்லைன்_தம்பி:
வீடியோ எடிட்டிங் தான் பொழப்பு, அதனால யூடியூப் பத்தி கேட்டதுக்கு நான் சொல்றேன், டைப் பண்ண நேரம் இல்ல, தப்பு இருந்தா மன்னிச்சிக்கோங்க. முன்னாடி யூடியூப் எண்ணினது வியூ, அதாவது கிளிக் பண்ணா போதும், அதனால பொய்யான தம்ப்நெயில் போட்டு உள்ள ஒண்ணும் இல்லாத வீடியோவா குவிஞ்சுது. 2012ல அத மாத்தி எவ்ளோ நேரம் பாத்தாங்கன்றத எண்ண ஆரம்பிச்சாங்க, ஒடனே வீடியோ எல்லாம் நீள ஆரம்பிச்சது. அப்புறம் நடுவுல விளம்பரம் போடணும்னா வீடியோ 10 நிமிஷமாவது இருக்கணும்னு ரூல் இருந்துச்சு, நீங்க சொன்ன அந்த பத்து நிமிஷ சுத்தல் இருக்கே அது அங்க பொறந்தது தான். 2020ல அத 8 நிமிஷமா கொறச்சாங்க, நம்புங்க, அதுக்கப்புறம் எனக்கு வர்ற கிளையன்ட் எல்லாம் "எட்டு தாண்டிடுச்சா"ன்னு தான் கேப்பாங்க, "நல்லா இருக்கா"ன்னு கேட்டவங்க கம்மி.

நெட்ஃபிளிக்ஸ் கதையும் இதே தான். 2020 வாக்குல ஒரு படத்த ரெண்டு நிமிஷம் பாத்தாலே பாத்ததா கணக்கு சொன்னாங்க, எல்லாரும் சிரிச்சாங்க. 2021ல மொத்தம் எவ்ளோ மணி நேரம் பாத்தாங்கன்னு மாத்தினாங்க, அப்ப எட்டு மணி நேர சீரீஸ் முன்னாடி ரெண்டு மணி நேர படம் நிக்கவே முடியாது. 2023ல அந்த மணி நேரத்த படத்தோட நீளத்தால வகுத்து வியூஸ்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. ஒரே படம், ஒரே ஜனங்க, ஆனா எண்ற முறைய மாத்தினா ஹிட் லிஸ்ட் வேற மாதிரி வரும். யூடியூப் ஷார்ட்ஸ்ல 2025 மார்ச்லேர்ந்து ஓட ஆரம்பிச்சாலே ஒரு வியூன்னு வெச்சுட்டாங்க, டிக்டாக்ல அதுக்கு நேர்மாறு, ஒரு நிமிஷத்துக்கு மேல இருக்கிற வீடியோவுக்கு தான் அவங்களோட பெரிய பணத் திட்டம். அதனால ஒருத்தனே ஒரே விஷயத்த ஒரு ஆப்புக்கு 20 செகண்டாவும் இன்னொண்ணுக்கு 63 செகண்டாவும் வெட்டி குடுன்னு கேக்கறான். ரசனையாம் ரசனை.

ஆராய்ச்சிமணி:
எல்லாரும் முதல் கேள்விக்கு நல்லா சொல்லிட்டீங்க, நான் ரெண்டாவதுக்கு வர்றேன், ஆனா அதுக்கு முன்னாடி அந்த தங்கமீன கொஞ்சம் காப்பாத்தணும். "மனுஷனுக்கு கவனம் 8 செகண்ட், தங்கமீனுக்கு 9"ன்றது 2015ல மைக்ரோசாஃப்ட் கனடா விளம்பரக்காரங்களுக்காக வெளியிட்ட ஒரு அறிக்கையால பரவினது. தேடிப் போன பத்திரிகைக்காரங்களுக்கு அதுக்கு பின்னாடி ஒழுங்கான ஆய்வு எதுவும் கிடைக்கல. பாவம் தங்கமீன், அது நாள்கணக்குல ஞாபகம் வெச்சிருக்கும். நெஜமா அளந்தவங்கன்னா குளோரியா மார்க்னு ஒரு உளவியல் ஆய்வாளர். ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கறவங்கள கவனிச்சு, 2004ல ஒரு ஸ்கிரீன்லேர்ந்து இன்னொண்ணுக்கு தாவ சராசரியா ரெண்டரை நிமிஷம் ஆச்சு, இப்ப 47 செகண்ட்னு சொல்றாங்க. அது தாவற பழக்கம். உக்காந்து பாக்கிற சக்தி போச்சுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல, ரீல்சுத்தி கேட்ட லாஜிக் சரி தான்.

அப்புறம் இந்த இழுக்கற வேல புதுசு இல்லீங்க. 1836ல பாரிஸ்ல லா பிரெஸ்னு ஒரு பேப்பர், சந்தாவ பாதியா கொறச்சு மிச்சத்த விளம்பரத்துல எடுத்துக்கலாம்னு ஆரம்பிச்சாங்க. விளம்பரம் வரணும்னா வாசகர் நெறைய வேணும், வந்தவங்க நாளைக்கும் வரணும், அதுக்கு தொடர்கதை. அதே வருஷம் லண்டன்ல டிக்கன்ஸ் 'பிக்விக் பேப்பர்ஸ்' மாசாமாசம் எழுத ஆரம்பிச்சாரு, சீக்கிரமே அது மாசத்துக்கு 32 பக்கம்னு நெலச்சிடுச்சு, கூட்டவும் முடியாது கொறைக்கவும் முடியாது. கதை எங்க நிக்கணும்னு பாதி அச்சகம் தான் முடிவு பண்ணுச்சு. அவருக்கு வார்த்தைக்கு இவ்ளோன்னு காசு குடுத்தாங்கன்னு ஒரு கதை சுத்தும், அது உண்மை இல்ல, தவணைக்கு தான் காசு. எட்டு எபிசோடுக்கு தாத்தா அங்க இருக்காரு.

சரி, நாம மாறறோமான்னு கேட்டீங்கள்ல. இதுக்கு என்கிட்ட இருக்கறதுலயே பலமான ஆதாரம் பிரேசில்லேர்ந்து. 1970ல அங்க ஒரு பொண்ணுக்கு சராசரி 5.8 குழந்தை, 1991ல 2.9. இருபது வருஷத்துல பாதி. இத்தனைக்கும் அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டுக்குன்னு பெரிய திட்டம் எதுவும் நடத்தல. காரணம் நெறைய இருக்கு, நகரத்துக்கு வந்தது, படிப்பு, மருத்துவம். ஆனா அதுல ஒரு பங்கு டிவி சீரியலுக்குன்னு எலியானா லா ஃபெராரா, ஆல்பர்டோ சாங், சூசன் டுரியே மூணு பேர் 2012ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ரெடே குளோபோ சேனல் 1965ல ஆரம்பிச்சது, சாயங்காலம் ஆனா நொவேலான்னு சொல்ற தொடர், நாடே உக்காந்து பாக்கும். இவங்க 1965லேர்ந்து 1999 வரைக்கும் வந்த 115 தொடர எடுத்து பாத்திருக்காங்க. 50 வயசுக்கு உட்பட்ட முக்கிய பெண் பாத்திரங்கள்ல 72 சதவீதம் பேருக்கு குழந்தையே இல்ல, 21 சதவீதம் பேருக்கு ஒண்ணே ஒண்ணு. யாரும் பிரசாரம் பண்ணணும்னு அப்படி எழுதல, அஞ்சு குழந்தைய வெச்சுக்கிட்டு ஹீரோயின் காதல், சொத்து தகராறுன்னு ஓட முடியாது, செட்ல குழந்தைகள வெச்சு சமாளிக்கிறதும் கஷ்டம், அவ்ளோ தான். (அந்த காரணம் என் ஊகம், ஆய்வுல சொன்னது இல்ல.) ஆனா பாத்தவங்க மனசுல நல்ல வீடு, சந்தோஷமான பொண்ணு, சின்ன குடும்பம்னு ஒரு படம் உக்காந்துடுச்சு. சிக்னல் போய் சேந்த பகுதிகள்ல பிறப்பு கொறஞ்சிருக்கு, அதுவும் வசதி கம்மியான பெண்கள்ட்ட கூடுதலா.

மாடிவீட்டு_மைனா:
சிக்னல் முதல்ல பெரிய ஊருக்கு தானே போகும் மணி சார்? அங்க எப்படியும் குழந்தை கம்மி. டிவி வந்ததால கொறஞ்சுதா, கொறையற ஊருக்கு டிவி வந்துச்சா?

ஆராய்ச்சிமணி:
அத தான் அவங்க ரொம்ப மெனக்கெட்டு பிரிச்சிருக்காங்க மைனா. ஒவ்வொரு ஊருக்கும் குளோபோ சிக்னல் வெவ்வேற வருஷத்துல போச்சு, ஒரே ஊர சிக்னல் வர்றதுக்கு முன்னாடி பின்னாடின்னு ஒப்பிட்டா ஊருக்கு ஊர் இருக்கிற வித்தியாசம் கழிஞ்சிடும். சிக்னல் வந்த அப்புறம் தான் எறக்கம், அதுக்கு முந்தின வருஷங்கள்ல இல்ல. எனக்கு ரொம்ப புடிச்சது இன்னொரு தடயம், குழந்தைங்களுக்கு வெச்ச பேரு. சேனல் எட்டின பகுதிகள்ல அந்த வருஷத்து தொடர்ல வந்த பாத்திரங்களோட பேர புள்ளைங்களுக்கு வெச்சிருக்காங்க, எட்டாத எடத்துல அந்த ஒத்துமை இல்ல. பாத்தாங்க, மனசுல ஏத்திக்கிட்டாங்கங்கறதுக்கு அதுக்கு மேல என்ன சாட்சி வேணும். அளவு பெருசுன்னு சொல்லல, பல காரணத்துல ஒண்ணு. இந்தியாவுலயும் கிராமங்களுக்கு கேபிள் டிவி வந்தப்ப ஜென்சன், ஓஸ்டர்னு ரெண்டு பேர் பாத்து 2009ல எழுதினாங்க, மனைவிய அடிக்கிறது சரின்னு சொல்ற பெண்கள் கொறஞ்சாங்க, ஆண் குழந்தை தான் வேணும்ங்கறதும் கொறஞ்சுதுன்னு. வாய்ல சொன்னது மாறினா வீட்ல நடக்கறதும் மாறிச்சான்னு கேட்டா, அது வேற கேள்வி.

வேணும்னே பண்ணினதும் உண்டு. மெக்ஸிகோவுல மிகெல் சபிடோன்னு ஒரு டிவி ஆளு, 1975ல பெரியவங்க எழுதப் படிக்க கத்துக்கிற வகுப்புல சேர்ற கதைய தொடரா எடுத்தாரு, பாத்துட்டு நெஜ வகுப்புல சேர கூட்டம் குவிஞ்சுது. பிரிட்டன்ல 'தி ஆர்ச்சர்ஸ்' ரேடியோ தொடர் 1951லேர்ந்து ஓடுது, முதல்ல விவசாய அமைச்சகத்தோட சேந்து விவசாயிங்களுக்கு தகவல் குடுக்கறது தான் நோக்கமே. அமெரிக்காவுல 1988ல ஹார்வர்ட் பொது சுகாதார பள்ளி ஹாலிவுட் ரைட்டருங்ககிட்ட போய், குடிக்கப் போற கூட்டத்துல ஒருத்தர் குடிக்காம வண்டி ஓட்டணும்ங்கறத வசனத்துல லேசா நுழைங்கன்னு கேட்டுச்சு. நாலு சீசன்ல 160க்கு மேல நிகழ்ச்சில அது வந்துச்சு. அறிவுரை எபிசோட் எல்லாம் வேணாம், போற போக்குல ரெண்டு வரி போதும்னு தான் கேட்டாங்க. அதுல தான் சூட்சுமம், அறிவுரைன்னு தெரிஞ்சா எவன் கேப்பான்.

வெட்டிப்பேச்சு:
அப்ப அந்த 1938 ரேடியோ நாடகம்? செவ்வாய் கிரகத்துலேர்ந்து வந்துட்டாங்கன்னு கேட்டு அமெரிக்காவே ரோட்ல ஓடுச்சாமே. அது தானே மீடியாவோட பவருக்கு பெரிய உதாரணம்

ஆராய்ச்சிமணி:
ஓடலீங்க 😀 அன்னிக்கு ராத்திரி டெலிபோன்ல ஒரு ரேட்டிங் சர்வே எடுத்தாங்க, கேட்டவங்கள்ல அந்த நாடகம் மாதிரி எதையோ கேட்டுட்டு இருந்ததா சொன்னது வெறும் 2 சதவீதம் பேர். சிலர் பயந்து போன் பண்ணது உண்மை, நாடே ஓடினது பேப்பர்ல மட்டும். ரேடியோ வந்து பேப்பரோட விளம்பர வருமானத்த பிடுங்கிட்டு இருந்த நேரம், "பாருங்க இந்த ரேடியோவ நம்பலாமா"ன்னு எழுத அவங்களுக்கு கை அரிச்சுது. பவர் இருந்தது, ஆனா அது பேப்பரோட பவர், இன்னிக்கு வரைக்கும் நீங்க நம்பறீங்களே.

ஒரே ராத்திரில ஆள தலைகீழா மாத்தறதுக்கு ஆதாரம் எப்பவும் இப்படி நொறுங்கிடும். மெதுவா, வருஷக்கணக்குல, எது சாதாரணம்ங்கற அளவுகோல நகத்தறதுக்கு தான் நல்ல ஆதாரம் இருக்கு. ஜார்ஜ் கெர்ப்னர்னு ஒரு ஊடக ஆய்வாளர் பல வருஷம் இத தான் சொல்லிட்டு இருந்தாரு, டிவி நெறைய பாக்கறவங்க ஒலகம் உள்ளத விட ஆபத்தானதுன்னு நெனைக்கறாங்கன்னு. அவரு அளந்த விதத்துல சண்டை போட்டவங்க நெறைய பேர், நானும் முழுசா ஒத்துக்க மாட்டேன், ஆனா கேள்வி சரியான கேள்வி.

ரீல்சுத்தி:
அடேங்கப்பா, கேட்டதுக்கு மேலயே கிடைச்சிருச்சு. மணி சார், பிரேசில் மேட்டர் படிச்சப்ப ஒண்ணு தோணுச்சு. அங்க நாடே ஒரே கதைய பாத்துச்சு. அமெரிக்காவுல 1983ல மேஷ் சீரியலோட கடைசி எபிசோட 10 கோடிக்கு மேல பாத்தாங்கன்னு எங்கயோ படிச்சிருக்கேன். இப்ப ஒரே ரூம்ல நாலு பேர் நாலு போன்ல நாலு ஒலகத்துல இருக்கோம். காலைல பேச பொதுவா ஒண்ணுமே இல்ல. இது இழப்பு தானே?

மாடிவீட்டு_மைனா:
இழப்பு யாருக்குன்னு கேக்கணும். அந்த 1983ல அங்க பெரிய சேனல் மூணே மூணு. எல்லாரும் ஒண்ணா பாத்தாங்கன்னு ஏக்கத்தோட சொல்றோம், வேற வழி இல்லாம பாத்தாங்கன்னும் சொல்லலாம். அந்த மூணு சேனல்ல யாரோட மொழி, யாரோட வீடு வரணும்னு ஒரு கையளவு ஆளுங்க தான் முடிவு பண்ணாங்க, வராதவங்களுக்கு அந்த "நாம எல்லாரும்"ல எடமே இல்ல. ஒரு கொரிய படம், பாரசைட், 2020ல ஆஸ்கர் சிறந்த படம் வாங்குச்சு, ஆங்கிலம் இல்லாத படத்துக்கு அது தான் முதல் தடவ, அந்த விருதுக்கு அப்ப 90 வயசு தாண்டிடுச்சு. அடுத்த வருஷமே ஸ்க்விட் கேம், சப்டைட்டில் போட்டு ஒலகமே பாத்துச்சு. எழுத்து படிச்சுக்கிட்டே யாரும் படம் பாக்க மாட்டாங்கன்னு அத்தன வருஷம் சொன்னவங்க எங்க போனாங்க? மூணு சேனல் காலத்துல இது வாசல் வரைக்கும் கூட வந்திருக்காது.

ஜாய்ஸ்டிக்_ஜமுனா:
மைனா சொன்னதுக்கு +1. அப்புறம் காலைல பேச ஒண்ணும் இல்லன்னு யார் சொன்னா, என் கேம் குரூப்ல விடிய விடிய பேசறோம், ஆனா பக்கத்து ரூம்ல இருக்கறவங்களோட இல்ல, நேர்ல பாத்தே இல்லாதவங்களோட. கூட்டம் கலையல, வேற மாதிரி கூடுது.

ஆராய்ச்சிமணி:
ரெண்டு பேர் சொல்றதும் ஒத்துக்கறேன். என் கவலை வேற எடத்துல. குளோபோ என்ன காட்டுச்சுன்னு இன்னிக்கும் விவரம் இருக்கு, எடுத்து எண்ணலாம், எந்த ஊருக்கு எந்த வருஷம் போச்சுன்னு பாக்கலாம், அதனால தான் அந்த ஆய்வே நடந்துச்சு. இப்ப ஒருத்தர் ஃபீட்ல வர்றது இன்னொருத்தருக்கு வராது, நேத்து அவருக்கே வந்தது இன்னிக்கு வராது, யாரு எத பாத்தாங்கங்கற விவரம் கம்பெனிகிட்ட மட்டும் இருக்கு. இது நம்மள எப்படி மாத்துதுன்னு வெளில இருக்கறவங்க அளக்கவே வழி கொறைஞ்சு போச்சு. மாத்துதுன்னு அடிச்சு சொல்றவங்களும் மாத்தலன்னு சொல்றவங்களும் பாதி இருட்டுல தான் பேசறாங்க.

டைம்லைன்_தம்பி:
கம்பெனிகிட்ட இருக்கு சரி சார், வீடியோ பண்றவங்க கிட்ட வர்றது ஒரு கிராஃப் தான். எந்த செகண்டுல எத்தன பேர் வெளில போனாங்கன்னு ஒரு கோடு எறங்கிட்டே போகும். அது டக்குனு எறங்கற எடத்த அடுத்த வீடியோல வெட்டிடுவோம், ஏறின எடத்த கூட்டுவோம். அப்படி பாத்தா ரீல்சுத்தி ப்ரோ முதல்ல கேட்ட கேள்விக்கு உங்க கட்டைவிரல் தான் பாதி எடிட்டர்னு சொல்லலாம், சம்பளம் மட்டும் கிடையாது. ஆனா போர் அடிச்சு போனாங்களா, காலிங் பெல் அடிச்சு போனாங்களான்னு அந்த கோட்டுல தெரியாது. நான் ரெண்டையும் ஒண்ணா தான் வெட்டறேன்.